இரண்டு பக்கமும் ஜெயித்த சண்டை

கதிர்,

நீ கோபத்தோடு போனை வைத்து இன்றோடு பத்து நாள் ஆகிறது. அதற்குப் பிறகு நீ கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. கப்பலில் வைஃபை கிடைப்பதே அபூர்வம், கிடைக்கிற கால் மணி நேரத்தையும் அப்பனோடு சண்டை போட்டுக் கழிக்க யாருக்கு மனம் வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிப் பொய் என்று எனக்கே தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம். கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, உன் கம்பெனி கொடுத்த மின்னஞ்சலுக்கு அனுப்பப்போகிறேன். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டிய கை, எழுத்து கொஞ்சம் குலுங்கித்தான் வரும். பொறுத்துக்கொள்.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வரிக்கு உன் கண் போகாது. அம்மா நன்றாக இருக்கிறாள். ஆனால் இங்கே இல்லை. தீவின் கிழக்குக் கோடியில், பாசிர் ரிஸ்ஸில் உன் மாமா வீட்டில் இருக்கிறாள். நீ போனை வைத்த அன்றே போய்விட்டாள். புக்கிட் பாத்தோக் வீட்டில் நான் ஒண்டியாக, காலையில் எழுந்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நாற்காலிக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். முட்டிவலி வேறு. உன் கப்பலாவது நானூறு அடி நீளம் இருக்கும். எனக்கு ஹால், ஒரு ரூம், சமையலறை, அவ்வளவுதான்.

நீ வளைகுடாவுக்குள் மாட்டிக்கொண்டு நான்கு மாதம் முடிந்துவிட்டது. வெளியே வர இருக்கிற ஒரே கடல்வழியை அடைத்துவிட்டு, இரண்டு நாட்டுக்காரர்களும் மூன்றாவது நாட்டு ஓட்டலில் ஆளுக்கொரு மாடியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். இந்த நான்கு மாதமும் உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் அந்த ஆப்பைத் திறந்து, போனை மசாலா டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு சமைப்பாள். நங்கூரம் போட்ட கப்பலும் நீரோட்டத்துக்குத் தக்கபடி கொஞ்சம் திரும்புமாமே, உன் கப்பலின் அம்புக்குறி லேசாக முகம் திருப்பினால் போதும், “இன்னைக்கு அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கான்” என்பாள். நானோ டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். எந்தப் பக்கம் என்று இங்கே எழுதவில்லை. உன் கப்பலில் இரண்டு கரைக்காரர்களும் வேலை செய்கிறார்கள், இந்தக் கடிதம் யார் கண்ணிலாவது பட்டுவைக்கும். கீழே காப்பிக்கடையில் என்னோடு எதிர்வாதம் பேசுவதற்கென்றே இரண்டு பேர் வருவார்கள். எங்கள் மூன்று பேரையும் கேட்டிருந்தால் உலகத்தில் ஒரு சண்டையும் முடிந்திருக்காது.

அன்றைக்கு நீ சொன்னது வரிக்கு வரி நினைவிருக்கிறது. குடிதண்ணீரை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கிறார்கள் என்றாய். பச்சைக் காயைக் கண்டு மூன்று வாரம் ஆயிற்று என்றாய். பிலிப்பீன்ஸ்காரர் ஒருவர் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறார் என்றாய். பிறகு, “பேச்சுவார்த்தை முடிஞ்சுடுச்சாம்பா, ஒரே ஒரு வரியிலதான் நிக்குதாம். யாரு முதல்ல சண்டைய நிறுத்துனதுன்னு எழுதணுமாம்” என்றாய். நான் என்ன சொன்னேன்? “அந்த வரியில விட்டுக்கொடுக்கவே கூடாது. இப்பக் கையெழுத்துப் போட்டா தோத்த மாதிரி ஆயிடும். இன்னும் ஒரு மாசம் பிடிச்சு நின்னா அவனே எறங்கி வருவான்.” உன் பக்கம் மிஷின் சத்தம் பலமாக இருந்தது. அதையும் மீறி நீ சொன்னாய்: “அப்பா, அந்த ஒரு மாசமும் நான் இங்கதான இருக்கணும்? நான் உங்க மகன்லா. கேக்குதா?”

அதோடு வைத்துவிட்டாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. உன் அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்தாள். “எங்கப்பாவோட பதினாறாம் நாளுக்கும் இதே பேச்சைத்தான் பேசினீங்க” என்றாள். குரலை உயர்த்தவில்லை. அறைக்குள் போய்க் கைப்பையோடு வந்தாள்.

“எங்க கிளம்பிட்டே?”

“அண்ணன் வீட்டுக்கு.”

“கூப்பிட்டாங்களா?”

“கூப்பிட்டாத்தான் போகணுமா? நீங்க பேசி முடிச்சதுல அப்படி ஒண்ணும் இல்லையே.”

அவள் எதைச் சொன்னாள் என்று உனக்குப் பாதிதான் தெரியும். உனக்கு அப்போது செகண்டரி டூ, பதினான்கு வயது. மாமாவோடு அப்பாவுக்கு ஏதோ மனஸ்தாபம், பிறகு மாமா வீட்டுக்கு வந்தார், சரியாகிவிட்டது என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருப்பாய். ஊருக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். மீதியை இன்றைக்குச் சொல்கிறேன். இதில் உன் அப்பா அழகாகத் தெரியமாட்டான்.

உன் தாத்தா, அம்மாவைப் பெற்றவர், கடைசி மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார் இல்லையா, அப்போது அவரைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தது நான். உன் மாமாவுக்கு ஷிப்ட் வேலை, நகர முடியாது. நான் காலை ஷிப்டை முடித்துவிட்டு, மேற்கிலிருந்து கிழக்குக் கோடிக்கு ரயிலேறிப் போய், மாமனாரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு டாக்டரிடம் போவேன். அவர் என்னை “மாப்ளே” என்று கூப்பிட்டு, எனக்குப் பிடிக்கும் என்று கன்டீனில் வறுத்த பீஹூன் சேமியா வாங்கிச் சாப்பிடச் சொல்லுவார். அந்த மனிதர் போனபோது நான் அழுதது எனக்காகத்தான். எனக்கு அப்பா இல்லை என்பது உனக்குத் தெரியும்.

மறுநாள் காலை, பாசிர் ரிஸ்ஸில் மாமா வீடு இருக்கிற அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நாற்காலிகளில் ஆட்கள். என்னோடு பஸ் ஓட்டும் நண்பர் ஒருவர் தமிழ்ப் பத்திரிகையை மடித்துக்கொண்டு வந்தார். இரங்கல் அறிவிப்புப் பக்கம். நம் ஊரில் அந்தப் பக்கத்தைத்தானே முதலில் திறக்கிறோம். தாத்தாவின் படம், கீழே பெயர் வரிசை: மனைவி, மகன், மருமகள், மகள், பேரப்பிள்ளைகள். நண்பர் தணிந்த குரலில்தான் கேட்டார், ஆனால் பக்கத்தில் இருந்த நான்கு பேருக்குக் கேட்டது. “என்னண்ணே, மருமக பேரு இருக்கு, மருமகன் பேரக் காணோமே?”

இருக்கிற ஒரே மருமகன் நான். அறிவிப்பைக் கொடுத்தது உன் மாமா. கேட்டதற்கு, அவசரத்தில் போனில் சொன்னேன், விட்டுப்போச்சு என்றார். அவர் மனைவி பெயர் விட்டுப்போகவில்லை, என் பெயர் மட்டும் எப்படி விட்டுப்போகும் என்று நான் கேட்டேன். அவர் வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டார். கதிர், உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒரு மனிதன் இந்த வீட்டில் யார் என்று ஊர் முழுக்க ஒரே நாளில் படிக்கிற இடம் அது. நியாயம் என் பக்கம்தான் இருந்தது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நியாயம் கையில் இருக்கிறவன்தான் அதிகம் அக்கிரமம் செய்கிறான் என்று அறுபத்தாறு வயதில் எனக்குப் புரிகிறது.

மண்டாயில் தகனம் முடிந்ததும், பாசிர் ரிஸ்ஸுக்குத் திரும்பாமல் உன்னையும் அம்மாவையும் நேராக வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவள் கிளம்பி நின்றாள். நான் வாசலில் நின்றுகொண்டேன். “என் பேரு இல்லாத வீட்டுக்கு நீ போனா, அவன் செஞ்சது சரின்னு ஆயிடும்.” அவள், “எங்கப்பாவுக்குச் செய்யறதுக்கும் உங்க ரெண்டு பேருக்கும் என்னங்க சம்பந்தம்?” என்று கேட்டாள். “இன்னும் கொஞ்சம் பிடிச்சு நின்னா அவனே எறங்கி வருவான்” என்றேன். ஆமாம், அதே வார்த்தை. அவள் என்னைத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு, வீட்டில் இருந்த அத்தனை திரைச்சீலைகளையும் கழற்றித் துவைத்தாள். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, “என்னம்மா, வீடு வேற மாதிரி இருக்கு” என்று கேட்டாய். பெற்றவருக்கு எள்ளும் தண்ணீரும் விடும் நேரத்தில் ஒரு மகள் பாத்ரூமில் திரைச்சீலைகளை அலசிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது ஒரு பொருட்டாகவே படவில்லை. அவளும் என் பக்கம் நிற்கிறாள் என்று பெருமைப்பட்டேன்.

பத்து மாதம் இப்படிப் போனது. கடைசியில் ஜமால் பாய் தலையிட்டார். லிட்டில் இந்தியாவில் ஜவுளிக்கடை வைத்திருந்தாரே, தாத்தாவுக்கும் எனக்கும் மாமாவுக்கும் பொதுவான மனிதர், அவர்தான். மாமாவும் நானும் ஒரே அறையில் உட்கார மாட்டோம் என்றோம். சரி என்று பாய் என்னைக் கடையின் பின்புறம் துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார வைத்தார். மாமாவைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் சாப்பாட்டுக்கடையில் உட்கார வைத்தார். எழுபது வயது மனிதர், காருக்கும் லாரிக்கும் நடுவே தெருவைக் கடந்து கடந்து, நான் சொன்னதை அங்கேயும் அவர் சொன்னதை இங்கேயும் கொண்டுவந்தார். நான்கு ஞாயிற்றுக்கிழமை. இப்போது டிவியில் ஆளுக்கொரு மாடி என்று சொல்லும்போதெல்லாம் எனக்குப் பாயின் வேர்த்த சட்டைதான் கண்ணுக்கு வருகிறது.

என் நிபந்தனை மூன்று. முதலாண்டு நினைவஞ்சலி பத்திரிகையில் வரும்போது என் பெயர் இருக்க வேண்டும், அதுவும் மருமகளுக்கு மேலே. அந்தப் பத்திரிகையை மாமா தன் கையால் என் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு பேர் முன்னால் “தப்பு என்னுடையது” என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டுக்கும் மாமா தலையாட்டிவிட்டார். மூன்றாவதுக்கும் சரிதான், ஆனால் “அப்பா போன துக்கத்தில் விட்டுப்போச்சு, தப்பு என்னுடையது” என்று சொல்கிறேன் என்றார். நான் முடியாது என்றேன். துக்கம் என்ற வார்த்தை வந்தால் அது தப்பே இல்லை என்று ஆகிவிடும், அந்த வார்த்தையை எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். பாய் ஒரு துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“தம்பி, அவரும் வீட்டுக்குப் போகணும்ல. எடுத்துட்டுப் போக அவருக்கும் ஒரு வார்த்தை குடுங்க. எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கிட்டா எப்படி?”

“நான் என்ன தப்புப் பண்ணினேன் பாய், விட்டுக்கொடுக்க?”

“தப்புப் பண்ணலைங்கறவர்தான் தம்பி குடுக்க முடியும். மத்தவருகிட்ட என்ன இருக்கு குடுக்க?”

நான் கேட்கவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால். பாய் மறுபடியும் தெருவைக் கடந்தார். மாமா அந்த வார்த்தையையும் எடுத்துவிட்டார். தன் தங்கையைப் பார்த்துப் பத்து மாதம் ஆயிற்று என்பதால் எடுத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்குத் தோன்றியதெல்லாம், அவன் பக்கம் பலம் குறைந்துவிட்டது என்பதுதான்.

அந்த நாள் உனக்கும் நினைவிருக்கும், நீயும் ஹாலில்தான் இருந்தாய். மாமா வந்தார். பத்திரிகையை மேசையில் விரித்து, என் பெயர் இருந்த இடத்தை எனக்குத் தெரியும்படி திருப்பி வைத்தார். பாயும் என் நண்பரும் சாட்சி. “தப்பு என்னுடையது” என்றார். எழுதிக்கொடுத்ததைப் படிக்கிற மாதிரி, முன்னே ஒரு வார்த்தை இல்லை, பின்னே ஒரு வார்த்தை இல்லை. அம்மா காப்பி கொண்டுவந்தாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்து, “வரேம்மா” என்றார். காப்பியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். நான் அன்று சாயங்காலம் உங்கள் இரண்டு பேரையும் சிராங்கூன் ரோட்டுக்குக் கூட்டிப்போய் மட்டன் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் பஸ் நிலையத்தில் எல்லோரிடமும் கதை கதையாகச் சொன்னேன். நான் ஜெயித்திருந்தேன். கேட்ட மூன்றும் கிடைத்தது.

அதற்குப் பிறகு பதினான்கு வருடமாக எனக்கு அந்த மூன்று மட்டும்தான் கிடைத்தது. ஒவ்வொரு வருட நினைவஞ்சலியிலும் என் பெயர் மருமகளுக்கு மேலே தவறாமல் வந்தது. அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு முறையாக நேரில் வந்து, உட்காராமல், சொல்லிவிட்டுப் போனார். தீபாவளிக்கு ஒரு வாழ்த்து போனில் வரும். குறை சொல்ல ஓர் இடம் இல்லை. ஆனால், “சும்மா இந்தப் பக்கம் வந்தேன், பாத்துட்டுப் போலாம்னு” என்று ஒரு நாள் கதவைத் தட்டவில்லை. பேசினதை எல்லாம் செய்தார், பேசாததில் ஒன்றையும் செய்யவில்லை. உன் அம்மாவும் அங்கே போனால் விருந்தாளி மாதிரி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவாள், ஏனென்றால் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அண்ணனும் தங்கையும் என் முன்னால் வெயில், மழை, ரயில் கூட்டம் பற்றிப் பேசிக்கொள்வார்கள். பதினான்கு வருடம் அவளை அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே நிறுத்தி வைத்திருந்தேன். அவள் முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. நீ அங்கே கடலில் நிற்கிறாயே, அந்த மாதிரி. உன் அம்புக்குறியை அவள் ஏன் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நீ போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருக்கிறது கதிர்.

அவள் போன நான்காம் நாள் நானும் ரயிலேறினேன். ஜூரோங் ஈஸ்டில் மாறி, கடைசி ஸ்டேஷன் வரைக்கும் உட்கார்ந்தே போனேன். வழி முழுக்க என்ன பேசுவது என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். “நீ வந்தால் நான் இனிமேல்” என்று ஒரு வாக்கியம் வரும். “நான் வந்துட்டேன், அதனால நீயும்” என்று இன்னொன்று வரும். எதைத் தொடங்கினாலும் நடுவில் ஒரு நிபந்தனை வந்து உட்கார்ந்துகொண்டது. முப்பது வாக்கியம் சொல்லிப் பார்த்திருப்பேன், ஒன்றுகூடத் தேறவில்லை. மேலே போகத் தைரியம் இல்லாமல், தாத்தாவைக் கிடத்தியிருந்த அதே புளோக்கின் கீழே கல்மேசையில் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் உன் மாமா இறங்கி வந்தார். கையில் குச்சி. என்னைவிட ஆறு வயது மூத்தவர், இப்போது பத்து வயது மூத்தவர் மாதிரி நடக்கிறார். என்னைப் பார்த்ததும் நின்று, பிறகு எதிரே உட்கார்ந்தார்.

“மச்சான்,” என்றேன், “அன்னைக்குப் பதினாறாம் நாளுக்கு அவளை நான்தான் விடல. அவ கிளம்பித்தான் நின்னா.”

“தெரியும் மாப்ளே. அப்பவே தெரியும்.”

“நிஜமாவே என் பேரு மறந்துதான் போச்சா?”

அவர் சிரித்தார். கோபம் இல்லாத சிரிப்புதான். “இப்ப எந்தப் பதிலச் சொன்னா உங்களுக்குத் தோதுப்படும்? சொல்லுங்க, அதையே சொல்லிடறேன்.”

அந்தப் பேச்சை விட்டுவிட்டு, அவளை அனுப்பி வைக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் குச்சியை ஊன்றி எழுந்தார். “நான் அனுப்பவும் மாட்டேன், நிறுத்தவும் மாட்டேன். இது உங்களுக்கும் எனக்கும் நடுவுல உள்ள விசயம் இல்ல மாப்ளே. எப்பவுமே இல்ல. அத நாம ரெண்டு பேரும்தான் கவனிக்கல.” வாருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. மெல்ல நடந்து கடைப்பக்கம் போனார். நான் ரயிலேறித் திரும்பிவிட்டேன்.

மறுநாள் உன் அம்மா போன் செய்தாள். வெள்ளிக்கிழமை தாத்தாவின் திதி, கடற்கரையில் வைத்துக் கொடுக்கிறார்கள், இந்த வருடம் தானும் அங்கே நிற்கப்போவதாகச் சொன்னாள். நான் சட்டென்று, “நானும் வர்றேன். நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்” என்றேன். அவள் சொன்னாள்: “நீங்க வராதீங்க. நீங்க பக்கத்துல நின்னா, உங்க மூஞ்சி எப்படி இருக்குன்னுதான் எனக்குக் கண்ணு போகும். ஒரு நாளு எங்கப்பாவ மட்டும் நினைச்சுக்கறேன்.” கதிர், என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது: நான் வராவிட்டால் ஊர் என்ன நினைக்கும், திதி முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறாயா, என்னைக்குத்தான் வருவாய். மூன்றும் வந்தது. மூன்றையும் முழுங்கினேன். “சரி செல்வி” என்றேன். அவ்வளவுதான். என் வாழ்க்கையில் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். ஏதோ பெரிய மனிதனாகிவிட்ட மாதிரி இருந்தது என்று நினைக்காதே. போனை வைத்ததும் மறுபடியும் நாற்காலிக்கும் ஜன்னலுக்கும் நடக்கத் தொடங்கினேன்.

இன்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை. மணி ஒன்பதரை. அவள் இப்போது கடலுக்குப் பக்கத்தில் அண்ணனோடு நின்றுகொண்டிருப்பாள். நான் இங்கே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டிவி ஓடுகிறது, சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன். கையெழுத்தாகிவிட்டது என்று காலை ஏழு மணியிலிருந்து காட்டுகிறார்கள். உனக்கு அங்கே முன்பே தெரிந்திருக்கும். யார் முதலில் நிறுத்தினார்கள் என்ற அந்த வரியை எடுத்தே விட்டார்களாம். இந்தத் தலைநகரில் ஊர்வலம், வெற்றி என்கிறார்கள். அந்தத் தலைநகரில் பட்டாசு, வெற்றி என்கிறார்கள். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்கிறார்கள். பத்து நாளுக்கு முன்னால் என்றால் நான் டிவியைப் பார்த்துத் திட்டியிருப்பேன். இன்று, சொல்லிக்கொள்ளட்டுமே என்றிருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப் போக ஆளுக்கொரு வார்த்தை கிடைத்திருக்கிறது, அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறார்கள். இதில் யாருக்கு நியாயம் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. செத்தவர்களின் வீட்டில் இதை வெற்றி என்று சொன்னால் முகத்தில் அடிப்பார்கள், அடிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஒரு வரிக்காக இன்னும் ஒரு மாதம் நீ அங்கே கிடந்திருந்தால், அந்த வரியை நான் எங்கே கொண்டுபோய் மாட்டி வைத்திருப்பேன்?

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் கப்பலிலும் இன்று இரண்டு கரைக்காரர்களும் ஜெயித்துவிட்டதாகத்தான் பேசிக்கொள்வார்கள். நீ எந்தக் கட்சியும் கட்டாதே. யாரையும் “தோத்துட்டோம்னு ஒத்துக்கோ” என்று மடக்காதே. நாளைக்கு ஒரு மிஷினைப் பிரித்துப் பூட்ட அவன் கைதான் உனக்கு வேண்டும். உனக்கும் நாளைக்குக் கல்யாணம் ஆகும், உனக்கும் மச்சான்கள் வருவார்கள், ஒரு நாள் உன் பெயரையும் யாராவது எங்காவது விட்டுவிடுவார்கள். அன்றைக்கு நீ கோபப்படு. நன்றாகவே கோபப்படு, எனக்கு ஒன்றும் இல்லை. உன் கோபத்துக்கும் அவர்கள் கோபத்துக்கும் நடுவில் யார் நிற்கிறார்கள் என்று மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார். நான் பார்க்கவில்லை.

கப்பல்களை வரிசைப்படி விடுவார்கள், இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்கிறார்கள். உன்னை ஏதாவது ஒரு துறைமுகத்தில் இறக்கி விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். சாங்கியில் இறங்கியதும் இங்கே வராதே. பாசிர் ரிஸ் பக்கத்தில்தான், டாக்சி எடுத்தால் பத்து நிமிடம். நேராக அங்கே போ. மாமா காலில் விழு. அம்மா கையால் சாப்பிடு, தூங்கு, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. அப்பா எப்படி இருக்கிறார் என்று அவள் கேட்டால் பார்க்கவில்லை என்று உண்மையைச் சொல். எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதே. அப்பா பாவம் என்று தொடங்காதே. எப்பம்மா வருவே என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதே. நான் உன்னைத் தூது அனுப்பவில்லை. அவள் உன்னோடு கிளம்பினால் பையை நீ தூக்கிக்கொள். கிளம்பாவிட்டால், இருந்துவிட்டு நீ மட்டும் வா.

அதுவரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன்.

அப்பா